முள் அசையவில்லை

முள் ஏழில் நிற்கிறது. நிற்கட்டும். பகல் ஒரு மணி வரை பிரஷர் மீட்டர் முள் அங்கேயே நின்றுவிட்டால், ஏற்றிய அழுத்தம் குறையவில்லை, குழாய் நல்ல குழாய், நான் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகலாம், பல்லடத்துக்கு டவுன் பஸ், அங்கிருந்து கோயமுத்தூர், வீடு, கால் நீட்டல். முள் இறங்கினால் எங்கேயோ ஓட்டை. இவ்வளவுதான் என் வேலை, இதற்குப் போய் உலோகவியல் படித்தேன் என்று சொன்னால் பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு கால் குட்டை, லேசாகச் சாய்ந்தால் ஆடுகிறது, அதனால் சாயாமல் உட்கார்ந்திருக்கிறேன், இடுப்பு விட்டுப்போகிறது. எதிரே பம்ப் அறை. அதிலிருந்து கிளம்பும் சிவப்புக் குழாய் மதிலை ஒட்டியே போய், பஞ்சு கோடவுனைச் சுற்றி, மாடிப்படிக்கு அடியில் மடங்கி மேலே ஏறுகிறது. மேலே ஹாஸ்டல். மில்லில் வேலை செய்யும் பெண்பிள்ளைகள் அங்கேதான் தூங்குகிறார்கள், ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள் இந்நேரம் அசந்து கிடப்பார்கள். கீழே கூரை வரைக்கும் பஞ்சு மூட்டை, மேலே தூங்குகிற பிள்ளைகள், நடுவில் ஒரு தளம், பக்கத்தில் இந்தக் குழாய். என்றைக்காவது பஞ்சில் தீ பிடித்தால் இதில் வரும் தண்ணீர்தான் அவர்களுக்கு. அதை யோசிக்கக் கூடாது என்று நினைக்கிறேன், அதையேதான் யோசிக்கிறேன். முள் ஏழில் நிற்கிறது.

வெளியே பார்த்தால் குழாய்க்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. போன ஆயுத பூஜைக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், வளைவுக்கு வளைவு சந்தனம், குங்குமம், இன்னும் அழியவில்லை. உள்ளேதான் எனக்குச் சந்தேகம். காலையில் அடிவால்வைக் கொஞ்சம் திறந்து ஒரு வாளி பிடித்தேன், மை மாதிரி வந்தது. துரு என்றால் காவியாக வர வேண்டும். காற்றும் தண்ணீரும் சேர்ந்து இரும்பைத் தின்றால் காவி நிறம், அது ஊருக்கே தெரிந்த துரு, வீட்டுக் கேட்டில் இருப்பது. காற்றே இல்லாத தண்ணீரிலும் இரும்பு கெடும் என்று சொன்னால்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். மூடி வைத்த தண்ணீரில் இருந்த காற்றெல்லாம் தீர்ந்த பிறகு, காற்றே வேண்டாம் என்று இருக்கிற கிருமிகள் தலையெடுக்கும். நமக்குக் காற்று எப்படியோ அப்படி அவற்றுக்கு உப்பில் இருக்கிற கந்தகம் போதும். இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் உப்புக்கா பஞ்சம். அதைத் தின்று அவை வெளியே விடுகிற வாயு இரும்பைக் கறுப்புச் சேறாக்கிவிடும், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழி விழும், குழியின் மேல் பொருக்கு கட்டிக்கொள்ளும். அந்தப் பொருக்கே அடைப்பாக நின்று தண்ணீரைத் தாங்கிவிடுவதும் உண்டு. அப்போது முள் இறங்காது. முள் இறங்கவில்லை என்பதற்காகக் குழாய் இருக்கிறது என்று ஆகாது, அதுதான் என் தொல்லை. கிருமியை உறுதியாகக் கண்டுபிடிக்க ஒரு புட்டி இருக்கிறது, அதில் தண்ணீரை விட்டு வைத்தால் கறுக்கும், ஆனால் கறுக்க நாள் கணக்காகும். உடனே காட்டுகிற காகிதம் ஒன்று உண்டு, ஆபீஸில் தீர்ந்துபோய் எத்தனை தடவை சொல்லியும் வாங்கித் தரவில்லை. மிச்சம் இருப்பது மூக்கு. வாளி அடியில் படிந்த சேற்றில் இரண்டு சொட்டு அமிலம் விட்டால் அழுகின முட்டை நாற்றம் வர வேண்டும். வந்தால் கிருமி. விட்டேன். குனிந்து முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. மானேஜர் குழந்தைவேலு பக்கத்தில்தான் நின்றார். “ஏதாவது நாத்தம் வருதுங்களா சார்?” என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். “இல்லீங்களே மேடம், பச்சைத் தண்ணியாட்டத்தான் இருக்குது” என்றார்.

அவர் சொன்னதை நான் நம்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எனக்கு மூக்கு இல்லை. அதாவது முகத்தில் இருக்கிறது, மூச்சு விடுகிறது, சளி பிடிக்கிறது, மற்றபடி செத்துப்போன மூக்கு. காய்ச்சல் ஊரையே சுற்றிய வருஷம் எனக்கும் வந்தது, எல்லாருக்கும் போய்த் திரும்பி வந்த வாசனை எனக்கு மட்டும் வரவில்லை. வீட்டுக்காரர் அலோசியஸுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. ஆபீஸில் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பேன், ஒன்றும் ஆகாது என்று ஒரு பக்கம் தோன்றும், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மூக்கு எதற்கு என்பார்கள், இல்லை, அடுத்த மாதமே வேறு ஆளை எடுப்பார்கள் என்றும் தோன்றும். ஒருநாள் காலையில் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், குளித்துவிட்டு வந்த அலோசியஸ் அடுக்களைக்கு ஓடினார். “பால் தீய்ஞ்சு கரியாப் போச்சு ஜெசி, வீடே நாறுது, ஒனக்கு ஒண்ணுமே தெரியலியா?” பால் போகட்டும். இன்னொரு நாள் கேஸ். அணைக்கிறேன் என்று திருப்பினது சரியாகத் திரும்பவில்லை, நான் அதன் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், கண் மட்டும் எரிந்தது, வெங்காயம் என்று நினைத்தேன். அவர் வந்து கத்தியிராவிட்டால். நெருப்புக்கும் எனக்கும் நடுவில் இன்னொருவருடைய மூக்குதான் நின்றது. இப்போது மேலே தூங்குகிற பிள்ளைகளுக்கும் நெருப்புக்கும் நடுவில் நிற்பது குழந்தைவேலுவின் மூக்கு. அது பொய் சொன்னதா? பதில் உடனே வந்தது. யோசிக்காமல் வந்தது. நாற்றம் வருகிறதா என்று கேட்டால் மனுஷன் ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்ப்பான். அவர் இழுத்தாரா? இழுத்த மாதிரிதான் இருந்தது. இல்லை, கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். நெற்றியையா, மூக்கையா? நெற்றி. நெற்றி என்றுதான் நினைக்கிறேன்.

வெயில் மரத்தைத் தாண்டி வந்து முழங்காலில் விழுகிறது. நாற்காலியை நகர்த்தினால் முள் கண்ணில் படாது. முழங்கால் காயட்டும். ஹாஸ்டல் வார்டன் தங்கமணி டீ கொண்டுவருகிறாள், வயது எனக்குச் சமமாக இருக்கும், நெற்றி நிறையத் திருநீறு. டீயை என் கையில் கொடுக்காமல் தள்ளி மதில் திட்டில் வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள். எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்தேன். சூடு தெரிகிறது, இனிப்பு தெரிகிறது, டீ தெரியவில்லை. சாப்பாடே எனக்கு இப்படித்தான் ஆகிவிட்டது, மீன் குழம்பும் ரசமும் ஒன்றுதான், ஒன்று கெட்டி, ஒன்று தண்ணி.

“இந்தப் பம்பை எப்பப்ப ஓட்டுவீங்க?” என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஓட்டிருவோமுங்க. சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் சுத்தி ஒடச்சுப் போட்டுத்தான் சுச்சே போடுவோம். ஒரு வாரம் தவறுனதில்லீங்க.”

“தண்ணியத் திறந்து விடுவீங்களா?”

அவள் பம்ப் அறைக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கோயிலைப் பார்த்தாள். பிள்ளையார் கோயில், மில் ஆரம்பித்தபோதே கட்டியிருப்பார்கள் போல, சுற்றிலும் டைல்ஸ் போட்டுச் சுத்தமாக இருந்தது.

“முன்னால உட்டுட்டுத்தான் இருந்தாங்க. அந்தத் தண்ணி சாமி வாசல்ல வந்துதானுங்க சாக்கடைக்குப் போவோணும். ஒருக்கா மொதலாளியம்மா கும்பிட்டுட்டு நிக்கறப்ப கறுப்புத் தண்ணி வந்து அவங்க காலை நனைச்சிருச்சு. சாமி முன்னால இதென்ன அசிங்கம்னு ஒரே சத்தம். அதுக்கப்பறம் தொறக்கறதே இல்லீங்க. பம்பு மட்டும் ஓடும், வால்வை மூடுன வாக்குல.”

“அது எந்தக் காலம்?”

“கொரோனாவுக்கெல்லாம் முந்திங்க.”

“அந்தத் தண்ணி நாறுச்சா தங்கமணி?”

அவள் பம்ப் அறைப் பக்கம் திரும்பினாள். பம்ப் அறை வாசலில் குழந்தைவேலு போன் பேசிக்கொண்டு நின்றார், பேச்சு போனில் இருந்தாலும் கண் இங்கேதான். “எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, டம்ளரைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

ஆக, வருஷக் கணக்காக அடைத்து வைத்த தண்ணீர். வாரா வாரம் சூடம் காட்டிய தண்ணீர். பம்ப் ஓடினாலும் வால்வு மூடியிருந்தால் குழாய்க்குள் தண்ணீர் நகராது, நின்ற இடத்தில் நிற்கும், புதுத் தண்ணீர் வந்தால்தானே புதுக் காற்று வரும். சாமிக்கு முன்னால் அசிங்கம் கூடாது என்று அசிங்கத்தை உள்ளேயே பூட்டி வைத்துவிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை, நான் மட்டும் என்ன, அடுக்களையில் பூனை செத்துக் கிடந்தாலும் எனக்குத் தெரியாது. ஆனால் கறுப்பு என்றாளே தவிர நாற்றம் என்று சொல்லவில்லை. கறுப்பாக வருவதற்கு வேறு காரணமும் இருக்கலாம், பழைய தார்ப் பூச்சு உரிந்து வந்தாலும் கறுப்புதான். முழு வேகத்தில் தண்ணீரைத் திறந்து விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், அந்த வேகத்துக்குப் பொருக்கு தாங்காது, குழாய் நல்லதாக இருந்தால் கறுப்பு போய்த் தெளிந்துவிடும், கெட்டதாக இருந்தால் உடையும். அதைச் செய்யச் சொல்லி யாரும் என்னை அனுப்பவில்லை. நின்ற அழுத்தத்தைப் பார்த்துவிட்டு வா என்றுதான் அனுப்பினார்கள். “கேட்டத மட்டும் பாருங்க ஜெசிந்தா, நீங்க போற எடத்துலெல்லாம் பிரச்சினையோடதான் வர்றீங்க” என்று போன மாதம்தான் எங்கள் சோதனைக் கம்பெனி டைரக்டர் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது. நான் கையெழுத்துப் போடுவேன். போடாமல் என்ன செய்யப் போகிறேன். வால்வைத் திறங்கள் என்றால் குழந்தைவேலு ஏன் என்பார், நான் கிருமி என்பேன், அவர் என்ன ஆதாரம் என்பார், நான் எதைக் காட்டுவது? என் மூக்கையா? இந்த ஊரில் இருக்கிற மில்களில் எத்தனை குழாய்கள், எல்லாவற்றையும் நானா தாங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது. இன்று நேற்றைய களைப்பு இல்லை, ருசி இல்லாமல் தின்று, வாசனை இல்லாமல் எழுந்து, பஸ்ஸில் ஏறி இறங்கி, அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து உலகத்தைத் தெரிந்துகொள்கிற களைப்பு. ஒருவர் முகம் சுளித்தால் இங்கே ஏதோ நாறுகிறது என்று நானும் சுளிப்பேன். ஒருவர் ஆஹா என்றால் மல்லிகைப்பூவாக்கும் என்று தலையாட்டுவேன். இந்த நடிப்புக்கே பாதி உயிர் போகிறது. ஒரு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். முள் ஏழிலேயே நிற்கிறது, மகராசி, அசையாதே, அப்படியே நில், நான் வீட்டுக்குப் போகிறேன்.

மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். தூக்கம் கலைந்த முகம், பின்னல் அவிழ்ந்து பாதி தோளில், கையில் பிளாஸ்டிக் குடம். என்னைக் கடந்துதான் குழாயடிக்குப் போக வேண்டும். என் காலடியில் காலையில் பிடித்த வாளி அப்படியே இருந்தது. வாளியைத் தாண்டும்போது அவள் துப்பட்டாவை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை, வாளியையும் பார்க்கவில்லை, யாருக்கும் எதையும் சொல்ல வேண்டும் என்று அவள் செய்யவில்லை, ஈயை ஓட்டுகிற மாதிரி கை தானாகப் போனது. தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்திருந்ததால் பொத்த முடியவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு, கன்னம் உப்ப, விறுவிறுவென்று தாண்டிப் போனாள். பிறகு படியில் ஏறியதும் புஸ்ஸென்று விட்டாள். தங்கமணி டீயை ஏன் அவ்வளவு தள்ளி வைத்தாள் என்று அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து இந்த நாற்றத்துக்கு நடுவில் நான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், எல்லாருக்கும் தெரிகிறது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது, வந்ததற்குச் சந்தோஷப்பட்டேன், இல்லாவிட்டால் எழுந்திருக்கவே மாட்டேன்.

“சார், பம்பைப் போடுங்க. மாடிப்படி வால்வை முழுசாத் திறக்கணும்” என்றேன்.

குழந்தைவேலு போனைக் காதிலிருந்து எடுத்தார். “எதுக்குங்க மேடம்? அதுதான் முள்ளு நிக்குதுங்களே. இன்னும் பத்து நிமிசம், முடிஞ்சுது.”

“நிக்கிற தண்ணிய வச்சு நெருப்பை அணைக்க முடியாது சார். ஓடற தண்ணி வேணும்.”

“இது நீங்க பாக்க வந்ததுல இல்லீங்களே.”

“இல்லதான். திறக்காம நான் கையெழுத்துப் போடல.”

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது, வீட்டில் பெண்பிள்ளை இருக்கும், பீஸ் கட்ட வேண்டியிருக்கும், அந்த முகத்தில் எனக்கு இருக்கிற அதே களைப்புதான் இருந்தது. “ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு” என்றார். சரி என்றேன். படிக்கட்டில் ஆள் வரக்கூடாது என்று தங்கமணியை மேலே நிற்கச் சொன்னேன். பம்ப் ஓடியது. நானே வால்வுச் சக்கரத்தைத் திருகினேன், இறுகிக் கிடந்தது, உள்ளங்கை எரிந்தது, திறந்ததும் தள்ளி வந்து நின்றேன். முதலில் கறுப்பாகக் குதித்து வந்தது, கோயில் வாசல் டைல்ஸ் எல்லாம் கறுப்பு. தெளியும், தெளிந்துவிடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன், நான் சொன்னது தப்பாக வேண்டும் என்று அந்த நேரத்தில் மனதார ஆசைப்பட்டேன். குழாய் இரண்டு தடவை உதறியது. பிறகு படிக்கட்டுக்கு அடியில் இருந்த மடக்கு டமார் என்று பிளந்தது. தண்ணீர் கூரை வரைக்கும் அடித்தது. யாரோ ஓடிப்போய் பம்பை நிறுத்தினார்கள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வெளியே சிவப்புப் பெயின்ட், உள்ளே வெண்ணெய் மாதிரிக் கறுப்புச் சேறு. விரலால் வழித்தால் அடியில் இரும்பு பளபளவென்று, ஸ்பூனால் தோண்டித் தோண்டி எடுத்தது போல் குழி குழியாக. பிளந்த விளிம்பு போஸ்ட் கார்டு கனம்கூட இல்லை. எட்டிப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள், குழந்தைவேலுவும் கர்ச்சீப்பை எடுத்தார். இந்தத் தடவை நெற்றிக்கு இல்லை.

அவர் என்னோடு சண்டை போடவில்லை. எங்கள் டைரக்டருக்குப் போன் போட்டு, நான் கேட்கிற மாதிரியே நிதானமாகச் சொன்னார். “முள்ளு நின்னுதுங்க சார். காலையில இருந்து ஒரு நூல் எறங்கல. மேடமே வால்வைத் தொறந்து நல்லாருந்த கொழாயை ஒடச்சுட்டாங்க. நாங்க அப்படித்தான் எழுதிக் குடுப்போம்.” பிறகு போனை என்னிடம் நீட்டினார். “ஒங்கள யாருங்க தொறக்கச் சொன்னது?” என்றது டைரக்டர் குரல். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. போட்டோ எடுத்து அனுப்புகிறேன், உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை என்று சொன்னேன். நாளைக்கு நேரில் வந்து பேசுங்கள் என்று வைத்துவிட்டார். நேரில் வந்து என்ன பேசப் போகிறோம் என்று எனக்குத் தெரியும். குழந்தைவேலுவிடம் திரும்பி, குழாய் மாற்றுகிற வரைக்கும் பஞ்சுக்கு மேலே யாரும் படுக்கக் கூடாது, சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் தீயணைப்பு ஆபீஸுக்கு நானே இப்போதே போன் போடுவேன் என்றேன். அவர் தங்கமணியைப் பார்த்துத் தலையாட்டினார்.

ராத்திரி ஷிப்ட் பிள்ளைகளை எழுப்பி இறக்கினார்கள். பாய், தலையணை, டிரங்குப் பெட்டி, போர்வை தரையில் இழுபட, கண் சிவக்க, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, கறுப்புச் சேற்றில் செருப்பு வழுக்க வழுக்க இறங்கினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஃபேனும் இல்லையாம், ஈ மொய்க்குமாம். யார் எழுப்பியது, எதற்கு எழுப்பியது என்று முனகிக்கொண்டே வந்தவர்களுக்குத் தங்கமணி விரலை நீட்டி என்னைக் காட்டினாள். இவர்களுக்குச் சொல்லலாம். காற்றில்லாத தண்ணீரை, கிருமியை, போஸ்ட் கார்டு கனத்தைச் சொல்லலாம். ராத்திரி முழுக்க நின்றுகொண்டே அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு இப்போதுதான் படுத்த பிள்ளைகளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது. கடைசியாகக் குடத்துக்காரி வந்தாள், சுருட்டிய பாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. என் முன்னால் நின்றாள். சிவகங்கைப் பக்கத்துப் பேச்சு. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை, அழுகிற குரலில் கேட்டாள்.

“நாங்க ஒங்களுக்கு என்னக்கா பண்ணுனோம்?”

பாய் நழுவப் பார்த்தது, அதன் ஒரு நுனியைப் பிடித்தேன். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, கூடத்தில் படுக்க இடம் தேடிப் போனாள்.